தெளிந்த பிளாஸ்டிக் தகடு: வீட்டுப் பட்டறைக்கு எதை, எங்கே வாங்குவது?

மின்னணுக் கருவிகளுக்குப் பெட்டி செய்பவர்கள், இயந்திரத்துக்குத் தடுப்பு மாட்டுபவர்கள், காட்சிப் பேழையும் விளக்கும் செய்து பார்ப்பவர்கள் என வீட்டில் சிறு பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தகடு என்றாவது தேவைப்பட்டே தீரும். மரமோ இரும்போ வாங்கும்போது இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. முழுமரத்தையும் ஒட்டுப்பலகையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். அக்ரிலிக், பாலிகார்பனேட், பி.இ.டி.ஜி., பி.வி.சி., பாலிஸ்டைரீன் ஆகிய ஐந்தும் பாதுகாப்புப் படலம் ஒட்டிய நிலையில் கடைச் சுவரோரம் சாய்ந்து நிற்கும்போது ஒன்றுபோலவே தெரியும். வெட்டும்போதும் துளையிடும்போதும் ஒட்டும்போதும் வெயிலில் சில காலம் நின்ற பிறகும்தான் அவற்றின் குணம் வெளிப்படும். ஆகவே எந்தத் தகடு எப்படிப்பட்டது, அதை விற்கும் இடங்களில் எது நம்பத்தக்கது என்ற இரண்டையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருளின் பெயரையும் அது செய்யப்பட்ட முறையையும் சொல்லத் தெரியாத இடத்தில், தகடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கக்கூடாது.

இவற்றில் அதிகம் கிடைப்பதும் அதிகம் பயன்படுவதும் அக்ரிலிக். வேதியியலில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் எனப்படும் இந்தப் பொருள் 1930களில் வணிகத்துக்கு வந்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரைப் பதிவு செய்தது. அதே பத்தாண்டில் பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் அமெரிக்காவில் லூசைட் என்றும் இதே பொருள் விற்பனைக்கு வந்தது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டை இது உள்ளே விடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியைவிட இது சற்றே அதிகம். எடையோ கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றாலும் எளிதில் மஞ்சளிப்பதில்லை. தெளிந்த பிளாஸ்டிக் வகைகளுள் கீறலை ஓரளவு தாங்கக்கூடியதும் இதுதான். விழுந்த கீறலையும் வாட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டு நீக்கிவிடலாம். ஓங்கி ஓர் அடி விழுந்தால் உடையும், உடைந்த துண்டுகள் கூராக இருக்கும் என்பதுதான் இதன் பெரிய குறை.

அக்ரிலிக் என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதி வேலைதான் முடிந்ததாகப் பொருள், ஏனெனில் அது இரண்டு முறைகளில் செய்யப்படுகிறது. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே திரவத்தை ஊற்றி மெல்ல இறுகவிட்டுச் செய்வது காஸ்ட் அக்ரிலிக். மணிகளை உருக்கி, அச்சு வாய் வழியாகப் பிதுக்கி, உருளைகளுக்கு நடுவே இழுத்துச் செய்வது எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக். தகட்டை மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. டிரில் பிட் இறங்கியவுடன் தெரிந்துவிடும்: காஸ்ட் வகை சுருள் சுருளாகச் சீவி வெளியே வரும், எக்ஸ்ட்ரூடட் வகை சூடேறி இளகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும், வேகத்தைக் குறைக்காவிட்டால் துளையின் உள்சுவர் உருகி வழிந்து நிற்கும். லேசரில் எழுத்துப் பொறித்தால் காஸ்ட் தகட்டில் பனி படர்ந்தாற்போல் வெண்மையாகப் பதியும். மற்றதில் பொறித்த இடமும் ஏறக்குறைய தெளிவாகவே இருப்பதால் எழுத்து எடுப்பாகத் தெரியாது. சூடாக்கி வளைக்கும்போது எக்ஸ்ட்ரூடட் தகடு தான் இழுக்கப்பட்ட திசையில் கூடுதலாகச் சுருங்கும். அளவு பார்த்து வெட்டிய துண்டு சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது அந்த அளவில் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு எக்ஸ்ட்ரூடட் தகடு மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். கனம் சீராக இருக்க வேண்டிய வேலைக்கு அதுவே ஏற்றது. காஸ்ட் தகட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 7823 தரநிலையின் முதல் பகுதி, 3 மி.மீ. என்று விற்கும் தகட்டின் கனம் 0.7 மி.மீ. வரை கூடவோ குறையவோ இடம் தருகிறது. அதாவது 2.3 மி.மீ. இருந்தாலும் அது தரநிலைக்கு உட்பட்ட சரக்குதான், விற்றவரைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்ட்ரூடட் தகட்டுக்கு அதே கனத்தில் 5 விழுக்காடுதான் ஏற்ற இறக்கம், அதாவது 0.15 மி.மீ. ஒரு தகட்டின் காடியில் இன்னொரு தகட்டின் நாக்கு இறுக்கமாக உட்கார வேண்டிய பெட்டிகளைச் செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. காஸ்ட் தகடுதான் வேண்டும் என்றால், வரைபடத்தில் 3 என்று எழுதிவிடாமல், தகடு கைக்கு வந்த பின் வெர்னியர் காலிப்பரால் நான்கு மூலைகளிலும் அளந்து, அந்த அளவுக்குக் காடியை வரைய வேண்டும். கடையில் நிற்கும்போதே காலிப்பர் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

லேசரில் வெட்டிய அக்ரிலிக்கைப் பற்றிப் பலரும் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. வெட்டி வாங்கிய துண்டின் ஓரம் மெருகேற்றியதுபோல் மின்னும். படலத்தை உரித்ததும் ஒட்டியிருக்கும் பசைத் தடத்தைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து எடுப்போம். துடைத்த சற்று நேரத்தில், ஒளிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகக் கிளம்பியிருக்கும். தகடு மோசமானது என்று எண்ணத் தோன்றும், ஆனால் தவறு தகட்டின்மேல் இல்லை. லேசர் உருக்கிய ஓரம் குளிரும்போது சுருங்கப் பார்க்கிறது. உள்ளே சூடேறாத பகுதி அதை விடுவதில்லை. அந்த இழுவிசை ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் பட்டவுடன் அது வெடிப்பாக வெளியேறுகிறது. துண்டுகளை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் வைத்து, அவசரப்படாமல் ஆறவிட்டால் இந்த இழுவிசை தளர்ந்துவிடும். அதற்கு வசதியில்லாதவர்கள் சவர்க்காரம் கலந்த நீரால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒட்டும் பசையும் கரைப்பான் வகையாக இருந்தால் இதே வெடிப்பை உண்டாக்கும் என்பதால், ஒட்டுவதற்காகவே வெட்டப்படும் துண்டுகளை லேசரில் அல்லாமல் ரம்பத்தில் வெட்டித் தரும்படி கேட்பதே என் வழக்கம்.

அடுத்தது பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டடைந்த பொருள் இது. மக்ரோலான், லெக்சான் என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. இதன் வலிமையைச் சொல்லில் விளக்குவதைவிட, ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தால் புரிந்துவிடும்: வளையும், நசுங்கும், வெண்மை பாயும், சில்லாகத் தெறிக்காது. லேத், சாணை இயந்திரம், ரம்பம் ஆகியவற்றின் முன்னால் நிற்கும் தடுப்புக்கு இதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்ரிலிக் தடுப்பு, தெறித்து வரும் இரும்புத் துண்டோடு தன் சில்லுகளையும் சேர்த்து நம்மேல் எறியும். மெல்லிய பாலிகார்பனேட் தகட்டைச் சூடாக்காமலேயே இரும்புத் தகடுபோல் மடக்கவும் முடியும் என்பதால், பெட்டி மூடிகளுக்கும் இது வசதியானது.

ஆனால் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இதில்தான் அதிகம். வெறும் பாலிகார்பனேட் வெயிலைத் தாங்காது. மஞ்சளித்து, பிறகு நொறுங்கத் தொடங்கும். அதனால் வெளியில் பயன்படுத்தும் தகடுகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய அடுக்கு சேர்க்கப்படுகிறது, அதுவும் பல தகடுகளில் ஒரு பக்கத்தில் மட்டும். எந்தப் பக்கம் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி பாதுகாப்புப் படலத்தில் அச்சிட்ட எழுத்துதான். படலம் உரிக்கப்பட்ட துண்டை வெளிவேலைக்கு வாங்குவதில் பொருளே இல்லை. இதன் மேற்பரப்பு அக்ரிலிக்கைவிட மென்மையானது. காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தாலே கீறல் விழும். கடினப்பூச்சு பூசிய வகை தனியாகக் கிடைக்கிறது. அதை மடக்கினால் பூச்சு வெடிக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், அசிட்டோன், திருகாணி கழலாமல் இருக்கப் பூசும் பசை ஆகிய மூன்றும் இதற்கு ஆகாதவை. மென்மையான பி.வி.சி. வாஷரும்கூட, அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளால், திருகாணியைச் சுற்றி நட்சத்திர வடிவில் வெடிப்பை உண்டாக்கும், இ.பி.டி.எம். ரப்பர் வாஷர் பாதுகாப்பானது. லேசரில் வெட்டப் பார்த்தால் ஓரம் பழுப்பாகக் கருகுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. வெட்டு எண்ணெய் தொடர்ந்து படும் தடுப்பு நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் காலம் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

பி.இ.டி.ஜி. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அக்ரிலிக்கைவிட அடி தாங்கும், பாலிகார்பனேட்டைவிட எளிதாக வடிவம் கொள்ளும். வெற்றிட முறையில் அச்சின்மேல் இழுத்து வடிவமைப்பவர்களுக்கு இதைவிட இணக்கமான தகடு கிடையாது: பாலிகார்பனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் முன்கூட்டியே அடுப்பில் பல மணி நேரம் உலர்த்தாவிட்டால் உள்ளே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், பி.இ.டி.ஜி.க்கு அந்தத் தொல்லை இல்லை. ஏறத்தாழ 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடுவதால் சூடேறும் விளக்குக்கோ வெயிலில் நிற்கும் வாகனத்துக்கோ இது உதவாது. தெளிந்த பி.வி.சி. தகட்டை நீலம் பாய்ந்த அதன் ஓரத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். வேதிப்பொருள் தொட்டிகளுக்கு நல்லது, லேசர் இயந்திரத்துக்குள் மட்டும் அது போகவே கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு இயந்திரத்தை அரிக்கும், நம் நுரையீரலையும் விட்டுவைக்காது. பாலிஸ்டைரீன் படச்சட்டங்களில் கண்ணாடிக்குப் பதிலாக வரும் மலிவான தகடு. எளிதில் நொறுங்கும், வெயிலில் மஞ்சளிக்கும். பட்டறை வேலைக்கு அதை நான் பொருட்படுத்துவதில்லை.

இனி வாங்கும் இடங்களைப் பார்ப்போம். என் கணக்கில் முதலிடம் பெயர்ப்பலகையும் விளம்பர எழுத்துகளும் செய்யும் கடைகளுக்கே. அவர்கள் அன்றாடம் லேசரில் வெட்டிப் பொறிப்பவர்கள் என்பதால் பெரும்பாலும் காஸ்ட் அக்ரிலிக்தான் வைத்திருப்பார்கள். பெரிய தகட்டிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் சரக்கு, நமக்கோ கைப்பெட்டி அளவுள்ள வேலைகள் பலவற்றுக்குப் போதுமானது. துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஓரத்தைப் பார்க்கலாம், கனத்தை அளக்கலாம், வெட்டுபவரிடமே நேரில் கேட்கலாம். காக்கித் தாளோ படலமோ ஒட்டியிருந்தால் அதன்மேல் தயாரிப்பாளரின் பெயரும் காஸ்ட் என்ற குறிப்பும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, அச்சு உள்ள பகுதி வரும்படியாகத் துண்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தகடுகளே குவியலில் அதிகமாக இருக்கும் என்பதால், தெளிந்த துண்டு கிடைக்கும்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நெருக்கடியான நேரத்தில் போய்த் துண்டு கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஓய்ந்த நேரத்தில் போனால் அவர்களே தேடி எடுத்துத் தருவார்கள். வரைபடக் கோப்பைக் கொண்டுபோனால் வெட்டியும் தருவார்கள். இவ்வளவு நன்மைகளுக்கு நடுவே குறை என்றால், பாலிகார்பனேட் இங்கு அரிது, தடித்த தகடும் அரிது.

பாலிகார்பனேட்டுக்கும், அளவு தப்பக்கூடாத வேலைக்கும், பெரிய தகட்டுக்கும் பிளாஸ்டிக் தகடுகளையே தொழிலாக விற்கும் மொத்த வணிகரிடம்தான் போக வேண்டும். 1220க்கு 2440 மி.மீ. அல்லது 2050க்கு 3050 மி.மீ. அளவுள்ள முழுத் தகடுகளை அவர்கள் வாங்கி வைத்து, கேட்ட அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். முழுத் தகட்டை வாங்க நினைப்பவர்கள் எடையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்: 1220க்கு 2440 அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் ஏறத்தாழ 10.6 கிலோ இருக்கும். எடை பெரிதில்லை, ஆனால் ஓர் ஆள் தனியாகத் தூக்கினால் நடுவில் வளைந்து, திரும்பும் இடத்தில் மூலை இடித்து உடையும். வெட்டித் தரச் சொல்வதே நல்லது. அப்படிச் சொல்லும்போது நான்கு செய்திகளைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: பொருளின் முழுப் பெயரும் காஸ்ட்டா எக்ஸ்ட்ரூடட்டா என்பதும், ரம்பத்தில் வெட்டுவார்களா லேசரிலா என்பது, வெட்டில் எத்தனை மி.மீ. முன்பின் ஆகலாம் என்பது. பாலிகார்பனேட் என்றால் கதிர்த்தடுப்பு அடுக்கு ஒரு பக்கமா இரு பக்கமுமா என்பது. நல்ல வணிகர் இவற்றுக்கு யோசிக்காமல் விடை சொல்வார், தயாரிப்பாளரின் தரவுத்தாளையும் அனுப்புவார். சிறு துண்டுக்காகப் போகிறவர்களை இவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை, குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றை வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். பல வேலைகளுக்கான துண்டுகளைச் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால் அந்தக் கட்டணம் உறுத்தாது.

வெட்டும் அளவைச் சொல்லும்போது வெப்பத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், ஏறத்தாழ 0.07 மி.மீ. நீள்கின்றன. வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் தகடு 1.4 மி.மீ. வளர்ந்துவிடும். இரும்புச் சட்டத்துக்குள் இழைவிடாமல் பொருந்தும்படி அளவு கொடுத்தால், வெயில் ஏறியதும் தகடு நடுவில் புடைத்துக்கொள்ளும். சட்டத்தில் இடைவெளி விட்டே அளவு கொடுக்க வேண்டும். திருகாணித் துளைகளையும் திருகாணியைவிடப் பெரிதாகவே போடச் சொல்ல வேண்டும்.

இணையச் சந்தைகளைப் பற்றி என்னால் முழு மனதோடு நல்லது சொல்ல முடியவில்லை. பெயர்ப்பலகைக் கடையோ மொத்த வணிகரோ அருகில் இல்லாதவர்களுக்கு அவை பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. சிறு அளவில், அரிய கனங்களில், வேறெங்கும் கிடைக்காத நிறங்களில் தகடு கிடைப்பதும் அங்குதான். ஆனால் விற்பவர் எழுதும் விளக்கத்தைப் படித்தால் கவலையே வருகிறது. 'உடையாத அக்ரிலிக்' என்று தலைப்பிட்டு விற்கப்பட்ட தகடு ஒன்றை வாங்கினேன். வந்த தகட்டைக் கத்தியால் கீறி மேசை ஓரத்தில் அழுத்தியபோது அது ஒடியவில்லை, மடங்கியது. கொதிநீரில் ஒரு கீற்றைப் போட்டதும் துவண்டது. அக்ரிலிக் 100 டிகிரியைத் தாண்டித்தான் இளகும் என்பதால் வந்தது பி.இ.டி.ஜி.தான் என்று புரிந்தது. விற்றவருக்கு எழுதிக் கேட்டபோது, 'ஒளிபுகும் ஷீட்தானே, எல்லாம் ஒன்றுதான்' என்று பதில் வந்தது. பி.இ.டி.ஜி. கெட்ட பொருள் இல்லை; விளக்குப் பெட்டிக்காகக் கேட்டவருக்கு அது வந்து சேருவதுதான் தவறு, ஏனெனில் அந்தப் பெட்டி சில நாளில் தொய்ந்துவிடும். தயாரிப்பாளரின் பெயர், காஸ்ட்டா எக்ஸ்ட்ரூடட்டா என்ற குறிப்பு, கனத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் எழுதாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம் என்பேன். கூரியரில் மூலைகள் இடிபடுவது இன்னொரு தொல்லை. தேவையைவிட ஒரு விரற்கடை அதிகமாக அளவு கொடுத்து வாங்கி, வந்த பிறகு ஓரத்தைச் சீவிக்கொள்வது அதற்கு ஒரு வழி.

ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜன்னலுக்குப் போடும் மெல்லிய தகடு. அவசரத்துக்கு உதவும். எந்தப் பொருள் என்று அட்டையில் எழுதியிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பழைய பொருள்களிலிருந்து எடுப்பது தனிச் சுகம், பயனும் அதிகம். பழைய எல்.சி.டி. கணினித் திரையைப் பிரித்தால், ஓரத்தில் இருக்கும் விளக்கின் ஒளியைத் திரை முழுதும் பரப்பும் தடித்த தகடு உள்ளே இருக்கும். அது பல திரைகளில் மிக உயர்ந்த தெளிவுள்ள அக்ரிலிக். ஒரு பக்கத்தில் நுண்புள்ளிகள் இருக்கும். விளக்கு செய்பவர்களுக்கு அந்தப் புள்ளிகளே பயன்படும். முழுத் தெளிவு வேண்டுபவர்கள் வாட்டர் பேப்பரால் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருக்கும். இந்தத் திரைகளைப் பிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்.இ.டி. வருவதற்கு முந்திய திரைகளில் பின்விளக்காக இருப்பது பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய், அதில் பாதரசம் உண்டு. உடையாமல் எடுத்து மின்னணுக் கழிவில் சேர்க்க வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது அலுவலக மேசைகளிலும் கடைக் கல்லாக்களிலும் நிறுத்திய தடுப்புகளும் நல்ல தகடுகள்தான்; இப்போது தேவையின்றி அடுக்கி வைத்திருப்பவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவற்றை நாள்தோறும் கிருமிநாசினியாலும் ஆல்கஹாலாலும் துடைத்திருப்பார்கள் என்பதால் ஓரங்களிலும் துளைகளைச் சுற்றியும் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும்.

இப்படிப் பெயரின்றிக் கிடைக்கும் தகடுகளுக்குச் சோதனை தேவை. கீறி ஒடிப்பதும் கொதிநீரில் போடுவதும் ஒரு கீற்றைப் பலிகொடுக்கும். தகட்டுக்குச் சேதமில்லாமல் பார்ப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி கணினித் திரையையே விளக்காக்குவது. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிரும் ஒளி. திரையை வெறும் வெள்ளையாக்கி, போலராய்டு குளிர்கண்ணாடியைக் கண்முன் பிடித்து, திரை இருண்டுபோகும் வரை மெல்லத் திருப்ப வேண்டும். இருண்ட நிலையில், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தகட்டைப் பிடித்துப் பார்த்தால் அதன் உள்விசைகள் நிறமாகத் தெரியும். காஸ்ட் அக்ரிலிக் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக்கில் சாம்பல் நிறக் கோடுகள் மங்கலாக ஓடலாம். பாலிகார்பனேட்டும் பாலிஸ்டைரீனும் பச்சை, ஊதா, மஞ்சள் என்று பட்டை பட்டையாக மின்னும். தகட்டைச் சற்றே வளைத்தால் பட்டைகள் இடம் மாறி நகரும். ஏற்கெனவே திருகாணி இறுக்கிய துளையைச் சுற்றி நிறங்கள் நெருங்கிக் கிடந்தால், அந்த இடத்தில் விசை தேங்கியிருக்கிறது, கரைப்பான் பட்டால் அங்கேதான் முதலில் வெடிக்கும் என்று அறியலாம்.

பாலிஸ்டைரீனைப் பிரித்துக் காட்ட உப்புநீர் போதும். அதன் அடர்த்தி 1.05, அக்ரிலிக் 1.19, பாலிகார்பனேட் 1.20, பி.இ.டி.ஜி. 1.27. எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு உப்பு கரைத்த நீரில் பாலிஸ்டைரீன் துண்டு மிதக்கும், மற்றவை மூழ்கும். குமிழி ஒட்டியிருந்தால் எதுவும் மிதந்து ஏமாற்றும் என்பதால் துண்டை நீருக்குள்ளேயே விரலால் தேய்த்துவிட வேண்டும். லேசருக்குப் போகும் தகட்டில் பி.வி.சி. ஐயம் சிறிதளவு இருந்தாலும் செம்புக் கம்பிச் சோதனை செய்தே ஆக வேண்டும்: கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தகட்டின் ஓரத்தில் ஒற்றி, மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் உள்ள பிளாஸ்டிக் சுடரைப் பச்சையாக்கும். திறந்தவெளியில், கடுகளவு ஒற்றி, காற்று நம்மைவிட்டு விலகி வீசும் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும்.

வாங்கி வந்த தகட்டைப் படலத்தோடு வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது நல்லதல்ல. வெயில் படும் இடத்தில் கிடந்தால் படலத்தின் பசை தகட்டோடு இறுகிவிடும். பிறகு உரிக்கும்போது நார் நாராகக் கிழிந்து வரும், மிச்சத்தை எடுக்கக் கரைப்பானைத் தேட வேண்டியிருக்கும். நிழலான இடத்தில் தட்டையாக அடுக்கலாம், நிறுத்தி வைப்பதென்றால் பின்னால் முழுதும் பலகை கொடுத்து நிறுத்த வேண்டும். சுவரில் வெறுமனே சாய்த்த தகடு நாளடைவில் வளைந்த வடிவிலேயே நின்றுவிடும். துண்டு வெட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும், மிஞ்சும் பகுதியின் படலத்தில் பொருளின் பெயர், முறை, அளந்த கனம், பாலிகார்பனேட் என்றால் வெயில் பக்கம் எது என்ற நான்கையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும். தயாரிப்பாளரின் அச்சு பெரிய தகட்டின் ஓரிரு இடங்களில் மட்டுமே இருக்கும். முதல் வெட்டிலேயே அது வேறு துண்டோடு போய்விடும்.